பச்சை வண்டியின் மூன்று வினாடி

கன்னையாவிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் அதன் நோய் என்னவென்று சொல்லிவிடுவான். கேட்காத ஆளிடமும் போய்ச் சொல்லிவிடுவான். முதல் பழக்கம் அவனுக்குச் சோறு போட்டது. இரண்டாவது அந்தச் சோற்றில் மண்ணைப் போட்டது.

செந்தூல் ரயில் பட்டறையில் பத்து வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன், முப்பது வயதில் பிரிக்பீல்ட்ஸில் எல்வின் துரையின் மோட்டார் பட்டறைக்குப் பிட்டராக மாறினான். பட்டறையின் பின்புறம் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதில் அவனும் மனைவி தனலெட்சுமியும் இரண்டு பெண்பிள்ளைகளும் குடியிருந்தார்கள். வேலை இருக்கிறவரைக்கும்தான் அறை. இதை எல்வின் துரை மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவார்.

துரைக்கு ஒரு பைத்தியம் உண்டு. அம்பாங்கில் ஈயச் சுரங்கத்துக்காரர்கள் போட்ட மலைச்சாலையில் வருஷத்துக்கு ஒருமுறை துரைமார்கள் கார் ஓட்டிப் பந்தயம் வைப்பார்கள். சனிக்கிழமை ஒவ்வொரு வண்டியாக மேலே ஏறும். யாருக்கு எத்தனை வினாடி என்று பலகையில் சாக்கட்டியால் எழுதுவார்கள். முதல் ஆறு பேருக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். கிள்ளான் தோட்டத்துரைகளின் வண்டிகள் பச்சை, அம்பாங் சுரங்கத்துரைகளின் வண்டிகள் சிவப்பு. பச்சைக்கு எல்வின் துரைதான் தலைவர். மூன்று வருஷமாகப் பச்சை மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் துரைமாரும் மேம்மாரும் நாற்காலி போட்டு உட்காருவார்கள். நம்மவர்கள் சுரங்கத்து மணல்மேட்டில் வெயிலில் காய்வார்கள். ஓட்டுகிறவன் வெள்ளைக்காரன், கோப்பை வெள்ளைக்காரனுக்கு. ஆனால் கட்சி கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவது மட்டும் நம் ஆட்கள். இதில் என்ன கிடைத்தது என்று அவர்களைக் கேட்டால் அடிக்க வருவார்கள்.

அந்த வருஷம், 1934இல், துரை கன்னையாவைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தையில் சொன்னார். இந்தமுறையும் வண்டி இழுக்காவிட்டால் பிட்டரை மாற்றிவிடுவேன். கன்னையா ஒரு மாதம் எஞ்சினோடேயே கிடந்தான். வால்வைத் தேய்த்தான், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினான். வண்டி மணியாக ஓடியது. அது அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமைப் பலகையில் எல்வின் துரை ஆறாவது. ஐம்பத்து மூன்று வினாடி. முதலில் வந்த சிவப்பு வண்டி ஐம்பது.

சாயங்காலம் கௌஸ் கடையில் நிற்க இடமில்லை. கௌஸ் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே இரண்டு கட்சிக்கும் தலையாட்டுவார். வியாபாரி அல்லவா. பொதுப்பணித் துறை லோரி ஓட்டுகிற பழனியப்பன் சிவப்புக் கட்சி. அவன் பெஞ்சின்மேல் ஏறி நிற்காத குறை.

"பச்சையாம் பச்சை! ஆறாவதா வந்துட்டு வெக்கமில்லாம நாளைக்கும் வருவீங்களா லா?"

"டயர் சரியில்லப்பா," என்றான் ஒருவன்.

"டயரா? எஞ்சின்ல கோளாறு. கன்னையாவக் கேளு, எத்தன நட்ட முடுக்காம விட்டான்னு."

கடையே சிரித்தது. கன்னையா சிரிக்கவில்லை. அவர்களுக்கு இது வாய்க்கு அவல். அவனுக்கோ திங்கட்கிழமை தலைக்குமேல் தகரம் இருக்குமா இல்லையா என்ற கேள்வி.

அப்போதுதான் கார்த்திகேசு தொண்டையைச் செருமினார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே கார்டு, பச்சைக் கட்சி. அவரிடம் அரசாங்கம் கொடுத்த கைக்கடங்காத கடிகாரம் ஒன்று உண்டு. ரயில் ஓடும்போது மைல்கல்லுக்கு மைல்கல் நேரம் குறிக்கிற வழக்கத்தை அவர் பந்தயத்துக்கும் கொண்டுவந்திருந்தார். மணல்மேட்டில் நின்று, புறப்பட்ட இடத்திலிருந்து பாலம்வரை எத்தனை வினாடி, பாலத்திலிருந்து உச்சிவரை எத்தனை வினாடி என்று ஒவ்வொரு வண்டிக்கும் பிரித்து எழுதிவைத்திருந்தார். துரைமார் பலகையில்கூட மொத்தக் கணக்குத்தான் இருந்தது.

"ஐசே, சும்மா கத்தாதையுங்கோ. பாலம் வரைக்கும் பச்சை இருபத்திரண்டு. சிவப்பும் இருபத்திரண்டு. எஞ்சின் பிழையெண்டால் அங்கயல்லோ தெரியும்? உச்சிக்குக் கீழ வளைவிருக்கு. அதில எல்வின் துரை பயந்து பெடலில இருந்து காலை எடுத்தவர். மூண்டு வினாடி அங்கதான் போனது. நான் கண்ணால பார்த்தனான்."

பழனியப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஒரு மாதமாகக் கன்னையாவின் நெஞ்சில் கிடந்த கல்லை இந்த மனிதர் எடுத்துத் தூரப் போட்டுவிட்டார்.

"ஐயா, ஒரு நட எங்கூட வந்து துரைகிட்ட இதச் சொல்லிடுங்க. எம் பொழப்பு நிக்கும்."

கார்த்திகேசுவின் முகம் மாறியது. "நானோ? இண்டைக்கு நான் காய்ச்சலெண்டு லீவு போட்டிருக்கிறன் ஐசே. மணிக்கூடும் கவர்மெண்ட் சாமான். வெளியில தெரிஞ்சால் என்ர வேலை போயிடும்."

எழுதின தாளை மட்டும் கொடுத்தார். அதுவும் ரயில்வே தாள். கொடுப்பதற்கு முன் தலைப்பில் அச்சடித்திருந்ததைக் கவனமாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேணாம்டா, துரைகிட்ட இதெல்லாம் பேசாத," என்றார் கௌஸ். அன்றைக்கு அந்தக் கடையில் புத்தியோடு பேசியது அவர் ஒருவர்தான். கன்னையா கேட்கவில்லை. கையில் கணக்கு இருக்கிறது, கணக்கு பொய் சொல்லாது, துரை படித்தவர், பார்த்தால் புரிந்துகொள்வார் என்று நம்பினான். கௌஸ் கடையில் செல்லுபடியாகும் நியாயம் பட்டறையிலும் செல்லுபடியாகும் என்று நினைத்தானே, அதுதான் அவன் செய்த தப்பு.

பட்டறையில் துரையோடு இன்னும் மூன்று துரைமார் கையில் கிளாசோடு வண்டியைச் சுற்றி நின்றார்கள். கன்னையா தாளை நீட்டினான்.

"எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்ல துரை. பாலம்வரைக்கும் சிவப்புக்குச் சமமா வந்திருக்கு. மேல் வளைவுல நீங்க கால எடுத்துட்டீங்க. எடுக்காதீங்க, வண்டி தாங்கும்."

துரைமாருக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். அவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் கன்னையாவின் வேலையைத் தின்றது. எல்வின் துரை காது சிவக்கத் தாளைப் படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம ரூம் காலி பண்ணு."

மறுநாள் கன்னையா பந்தயத்துக்குப் போகவில்லை. சட்டி பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தான். மத்தியானம் தெருவில் ஒரே கூச்சல். நாலைந்து பேர் உள்ளே வந்து அவனைத் தோளில் தூக்காத குறையாகக் கௌஸ் கடைக்கு இழுத்துப் போனார்கள். பச்சை ஜெயித்துவிட்டது. நாற்பத்தொன்பது வினாடி.

"மேல் வளைவில காலை எடுக்கேல்லை ஐசே!" என்று கார்த்திகேசு கடிகாரத்தை ஆட்டினார். "நேற்று நான் சொன்னது சரியோ பிழையோ?"

தாள் எங்கே போனது, துரைக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கன்னையாவுக்குத் தெரியும். தனக்குத் தெரிந்ததை அன்றைக்குத்தான் முதன்முறையாக அவன் சொல்லாமல் விழுங்கினான். "நாளைக்கு ரூம காலி பண்ணச் சொல்லிட்டாரு," என்று மட்டும் சொன்னான். "அதான் ஜெயிச்சிடுச்சே, துரை மனசு மாறும் லா," என்றான் பழனியப்பன். பிறகு அடுத்த வருஷம் சிவப்பு என்ன செய்யும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

துரையின் மனம் மாறவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். அது இல்லாமல் எந்தப் பட்டறையிலும் வேலை கிடைக்காது. கன்னையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கார்த்திகேசுவிடம் நீட்டினான். அவர் படித்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறார். கவலைப்படாதையும்," என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.

நான்கு மாதம் கன்னையா அந்தக் காகிதத்தோடு அலைந்தான். பங்சார், செந்தூல், அம்பாங் என்று போகிற இடமெல்லாம் கௌரவமாக அதைத்தான் முதலில் நீட்டுவான். படித்தவர்கள் அவன் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். தனலெட்சுமி வளையலைக் கழற்றினாள். பெரிய பெண் காய்ச்சலில் கிடந்து தேறினாள்.

கடைசியில் கிள்ளானில் ஒரு லோரிக் கொட்டகையில் கணக்கெழுதுகிற கிராணி வாசு அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?"

"நல்லாத்தான் எழுதியிருக்காம்."

வாசு தமிழில் சொன்னான். வேலையில் மந்தம். வாய் நீளம். எஞ்சினை நம்பி ஒப்படைக்கத் தகாதவன்.

கன்னையா பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தான். வாசு காகிதத்தைத் திருப்பி நீட்டினான்.

"யாரு உங்களுக்கு இதப் படிச்சுச் சொன்னது?"

"ஒரு ரயில்வே கார்டு. ஒரு வினாடி தப்பாமச் சொல்லுவாரு."

வாசு இரக்கப்பட்டுக் கொட்டகையில் சேர்த்துக்கொண்டான். சக்கரம் கழற்றி மாட்டுகிற வேலை. எஞ்சின் பக்கம் போகக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. கொட்டகைக்குள் நுழைகிற ஒவ்வொரு லோரியின் நோயும் சத்தத்திலேயே கன்னையாவுக்குத் தெரிந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டு நட்டைக் கழற்றுவான். யாரிடமும் சொல்லமாட்டான்.