பஸ் கூரையில் வந்த பெட்டி

இன்று எங்கள் வீட்டில் நான்கு பேர், நான்கு செல்போன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு படம். நான் சிறுமியாக இருந்தபோது பாப்பாரப்பட்டியில் எங்கள் தெருவுக்கே ஒரு டிவி, வாரத்துக்கு ஒரு படம். அதுவும் பக்கத்து வீட்டில். அந்த வீட்டு அக்கா சொன்ன வேலையைச் செய்தால்தான் முன்னால் உட்கார இடம். நானும் தம்பியும் அவர்களுக்குச் சுமந்த தண்ணீரில் ஓர் ஏரியே நிரம்பியிருக்கும்.

அப்பா பஸ் கண்டக்டர். அந்த வருடம் தீபாவளி போனஸ் வந்ததும், பெரிய சாமான் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். வேறென்ன, டிவிதான் என்று நானே முடிவுகட்டி, தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். சனிக்கிழமை தருமபுரியிலிருந்து அவருடைய பஸ் வந்தபோது கூரைமேல் பெரிய அட்டைப்பெட்டி. பாதித் தெரு அதன் பின்னாலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்தார் அப்பா. உள்ளே கிரைண்டர்.

பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஏங்கண்ணா, இதுல என்னா படங்க ஓடும்?" என்றாள்.

"நாளைக்கு வந்து பாரும்மா" என்றார் அப்பா. இந்த மனிதருக்கு ரோஷமே கிடையாதா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுது தீர்த்தேன்.

மறுநாள் ஞாயிறு, டிவியில் படம் போடும் சாயங்காலம். வாரமெல்லாம் காடு கழனி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு மாவாட்ட வாய்த்த பொழுது அதுதான். அப்பாவே ஊறிய அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினார். கல் தானாகச் சுற்றியது. கையில் தண்ணீர்ச் சொம்போடு அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பாத்துக்கறன். நீ புள்ளைங்களோட போயி படம் பாரு."

"நான் போயிட்டா மாவு கெட்டியாயிராதுங்களா?"

"அதான் நான் இருக்கறனே. போ."

அம்மா முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு எங்களோடு வந்தாள். பாதிப் படத்தில் ஒரு நகைச்சுவைக் காட்சி. கண்ணில் நீர் வரும் அளவுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்பைக் காணக் கொடுத்துவைத்தேனே என்று இன்று நெஞ்சு நிறைகிறது. அன்று வெட்கம் பிடுங்கித் தின்றது. "மெதுவா சிரிம்மா" என்று முந்தானையை இழுத்தேன்.

திரும்பிப் பார்த்தால், வாசலில் முழங்கை வரை மாவோடு அப்பா. டிவியைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமலே போய்விட்டார். உப்பு எவ்வளவு போடுவது என்று கேட்க வந்து மறந்துவிட்டார்போல என்று நினைத்துக்கொண்டேன்.