இரண்டு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள்

போன மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பழைய மாளிகைகளையும் அவற்றின் தோட்டங்களையும் ஆண்டு முழுக்கச் சுற்றிப் பார்க்கலாம், குடும்பமாக அங்கத்துவம் எடுங்கள் என்று அழைத்திருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு விளக்கம். குடும்பம் என்றால் இரண்டு பெரியவர்கள், நான்கு பிள்ளைகள் வரை. யார் இவர்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது? எந்த வீட்டுக்குள் வந்து தலைகளை எண்ணிப் பார்த்தார்கள்? அந்த மின்னஞ்சலை அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அங்கேயும் ஒரு தரம் அழித்தேன். அப்போதும் எனக்கு ஆறவில்லை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அப்பா, அம்மா, நான், என் தம்பி, சித்தப்பா. சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. அகதியாகப் படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, ஒரு தற்காலிக விசாவோடு எங்கள் வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தவர். வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. அதனால் எங்கள் வீட்டு வேலை முழுவதையும் அவர் செய்தார். எனக்குத் தலை பின்னிவிடுவது, தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது, மத்தியானச் சோற்றுக்கு உலை வைப்பது எல்லாம் அவர்தான். அம்மா பின்னினால் இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் நிற்கும். சித்தப்பா பின்னினால் அசையாது.

அந்த வருடம் எங்கள் வகுப்பை ஒரு பழைய மாளிகைக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வரும்போது கையில் இதே குடும்ப அங்கத்துவத்துக்கான ஒரு விளம்பரத் தாள் தந்தார்கள். அன்றிலிருந்து நான் வீட்டில் யாரையும் நிம்மதியாக இருக்க விடவில்லை. கடைசியில் அப்பா சம்மதித்தார். ஒரு தரம் பதிந்தால் வருடம் முழுக்க எத்தனை வீடும் பார்க்கலாம் என்பது அவருக்குப் பிடித்துவிட்டது. விண்ணப்பம் கணினியில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கில விண்ணப்பங்களுக்கெல்லாம் அதிகாரி நான்தான். பெரியவர்களுக்கு இரண்டு கட்டம், பிள்ளைகளுக்கு நான்கு கட்டம். அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பெயரையும் அடித்து முடித்தேன். அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"சித்தப்பாவை விட்டுட்டியே பிள்ளை?"

"பெரியாக்களுக்கு ரெண்டு பெட்டிதான் இருக்கு அப்பா."

"கீழ ரெண்டு பெட்டி சும்மாதானே கிடக்கு. அதில ஒண்டில போடு. குடும்பத்தில ஆர் ஆர் எண்டுதானே கேக்கிறாங்கள்?"

போட்டேன். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த தேதியை அந்தக் கணினி கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. குடும்பத்தைக் கேட்டார்கள், குடும்பத்தைக் கொடுத்தோம். ஒரே பானையில் சாப்பிடுகிற ஒருவரின் பெயரை விட்டுவிட்டு அனுப்பியிருந்தால் அதுதான் பொய்யான விண்ணப்பமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் அட்டைகள் வந்தன. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீல அட்டை. பிள்ளைகளுக்குப் பச்சை அட்டை, அதில் பொசம் என்கிற, மரத்தில் திரியும் பூனையளவு பிராணி ஒன்று தொப்பி போட்டிருக்கும் படம். முப்பத்திரண்டு வயதும் கட்டை மீசையும் உள்ள என் சித்தப்பாவுக்கும் பொசம்தான் கிடைத்தது. வீடு முழுக்கச் சிரித்தோம். அவர் எங்களைவிடக் கூடச் சிரித்தார். பிறகு அந்த அட்டையைத் தன் சட்டை நுனியால் துடைத்துப் பர்சுக்குள் வைத்தார். அன்று மட்டும் அதை மூன்று தரமாவது வெளியே எடுத்துப் பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகு லீவு நாட்களில் ரயிலிலும் பஸ்ஸிலும் மாளிகை மாளிகையாகப் போனோம். அப்பாவுக்கு எப்போதும் வேலை. அம்மா, சித்தப்பா, நாங்கள் இருவர் என்று நால்வர்தான் போவோம். வாசலில் இருப்பவர்கள் பொசம் அட்டையையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய பிள்ளைதான் என்று பகிடி விட்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள். சித்தப்பா உள்ளே போனதும் சுவரில் இருக்கிற எழுத்து ஒன்றையும் விடாமல் வாசிப்பார். சீமாட்டியின் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அடுப்பும் பானைகளும் இருக்கிற குசினிக்கு வந்தால் மட்டும் அரை மணித்தியாலம் அசையமாட்டார். "இவையின்ர குசினிக்குள்ள எங்கட வீட்டை ரெண்டு தரம் வைக்கலாம்" என்பார். அப்படி ஐந்து வீடுகள் பார்த்தோம்.

ஆறாவது வீட்டுக்குப் போக இருந்த நாளில், அம்மா வேலை செய்கிற முதியோர் இல்லத்திலிருந்து காலையில் அழைப்பு வந்தது. யாரோ வரவில்லையாம், வர முடியுமா என்று. அம்மா போய்விட்டார். நான் அழத் தொடங்கினேன். அந்த வீட்டின் ரோஜாத் தோட்டத்தில் பிள்ளைகளுக்காக ஒரு புதையல் வேட்டை வைத்திருந்தார்கள், அன்றுதான் கடைசி நாள். நான் அழுதால் சித்தப்பாவால் தாங்க முடியாது. சாண்ட்விச் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் தனியே கூட்டிக்கொண்டு புறப்பட்டார்.

வாசல் மேசையில், கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா இருந்தார். மூன்று பச்சை அட்டைகளையும் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, பெரியவருடைய அட்டை எங்கே என்று கேட்டார். சித்தப்பா தன் அட்டையைச் சுட்டிக் காட்டினார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு அதைப் பார்த்தார். இது சிறுவர் அட்டை, ஐயா, என்றார். பிறந்த தேதி உள்ள ஏதாவது அடையாள அட்டை இருக்கிறதா என்றார். சித்தப்பா பர்சில் கை வைத்தார், பிறகு கையை எடுத்துவிட்டார். வீட்டில் மறந்துவிட்டு வந்தேன் என்றார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். குடிவரவுத் திணைக்களம் கொடுத்த கடிதத்தை மடித்து மடித்து அதற்குள்தான் வைத்திருந்தார்.

அந்த அம்மா ஒரு தரம்கூடக் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். புன்னகையோடு, மிகத் தெளிவான ஆங்கிலத்தில், இந்த அட்டை தவறாக வழங்கப்பட்டிருக்கிறது, நான் இதை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அங்கத்துவம் உள்ள பெரியவர் இல்லாமல் பிள்ளைகளையும் விட முடியாதாம். வேண்டுமானால் சித்தப்பா தனக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரலாமாம். சித்தப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அந்த அம்மா அவருடைய பெயரை அட்டையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் கண் அந்தப் பேனாவிலேயே இருந்தது. எழுதி முடித்ததும் அந்த அம்மா அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

நான் கத்தினேன். இவர் எங்கள் குடும்பம், எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், என் தலையைப் பாருங்கள், இதைப் பின்னியது இவர்தான் என்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை சொல்லாலும் கத்தினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

"வாயை மூடு."

அதுவரை அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, சொரி, சொரி, தாங்க்யூ, என்றார். பறித்து வைத்துக்கொண்ட பெண்ணுக்கு நன்றி! எனக்கு அவமானமாகப் போய்விட்டது. என் கோபம் மேசைக்கு அந்தப் பக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பஸ் வரும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவரும் சாண்ட்விச்சைப் பிரிக்கவில்லை. தம்பி பசிக்குது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தானே எடுத்துச் சாப்பிட்டான்.

"அவா என்ர பேரை முழுசா எழுதினவவோ பிள்ளை?" என்று சித்தப்பா பஸ்ஸில் ஒருதரம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரமும் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். இந்த வீட்டில் ரோஷம் உள்ள ஆள் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்தேன். அந்தத் தவணை முழுக்க எங்கள் வகுப்பில், படிப்பவரின் மனத்தை மாற்றும்படி கடிதம் எழுதப் பழக்கியிருந்தார்கள். முதலில் உன் கருத்து, பிறகு மூன்று காரணங்கள், மிகப் பலமான காரணம் கடைசியில். நான் அதற்கு ஸ்டிக்கர் வாங்கியவள்.

அன்றிரவே எழுதினேன். சித்தப்பாவின் அட்டையைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் எங்கள் வீட்டில் வாழ்கிறார், முதற் காரணம். எங்களை வளர்க்கிறார், இரண்டாவது. மூன்றாவது காரணத்தை இரண்டு தரம் அடிக்கோடிட்டேன். அவர் ஒரு சின்னப் படகில் கடலைத் தாண்டி வந்தவர், வில்லாவுட் முகாமில் இருந்தவர், அரசாங்கமே அவரை வெளியே விட்டிருக்கும்போது, யாரும் உட்காரக்கூடாத கதிரைகளை வைத்திருக்கும் நீங்கள் யார் அவரைத் தடுக்க? கீழே அவருடைய முழுப் பெயரையும் எங்கள் முகவரியையும் எழுதி, அப்பாவின் லாச்சியிலிருந்து முத்திரை எடுத்து ஒட்டி, பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால் பெட்டியில் போட்டேன். இரண்டு நாள் கழித்து, பெருமை தாங்க முடியாமல் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதினனீ?"

"எல்லாம்."

"படகையும் எழுதினனியோ?"

"ஓம்! அதுதான் மூண்டாவது காரணம். அதுதான் நல்ல ஸ்ட்ரோங்."

சித்தப்பா தண்ணீரை நிற்பாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "நல்லா எழுதியிருக்கிறாய்" என்றார். "கெட்டிக்காரி." பிறகு எழும்பிப் போய், வரவேற்பறை மூலையில் இருந்த தன் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் அவர் மெல்பர்னுக்குப் போய்விட்டார். அங்கே வெரிபீயில் ஒரு சிநேகிதர் வீட்டில் அறை இருக்கிறதாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் போய்விட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவருக்காகச் சண்டை போட ஒருத்தி இங்கே இருக்கிறாள், அவருக்கு என்னவென்றால் புது ஊர் பார்க்கிற ஆசை!

பதினேழு வயதில்தான் அப்பா எனக்குச் சொன்னார். முகாமிலிருந்து வெளியே விடும்போது சித்தப்பாவிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒழுங்காக நடப்பேன், பொய் சொல்லமாட்டேன், யாருக்கும் தொந்தரவு கொடுக்கமாட்டேன் என்று. அதை மீறியதாக யாராவது முறையிட்டால் திரும்பவும் உள்ளே போக வேண்டி வரலாம். முப்பத்திரண்டு வயது மனிதர் சிறுவர் அட்டையோடு நின்றது பொய்யா? நான் வரிசையில் நின்று கத்தியதும், அவருடைய பெயர் போட்டுக் கடிதம் எழுதியதும் தொந்தரவா? யார் அதைத் தீர்மானிப்பது என்று அவருக்குத் தெரியாது. அண்ணனின் வீட்டு வாசலில் அதிகாரிகள் வந்து நிற்கக்கூடாது என்று, முகவரி மாறுவதைத் திணைக்களத்துக்கு முறைப்படி அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பொசம் படத்துக்காக ஒரு மனிதனை அப்படி நடுங்க வைத்த தேசத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவருடைய விசா இன்றைக்கும் தற்காலிகம்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத அந்த ஒன்பது வயதில், வெரிபீயிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் சித்தப்பா போன் எடுப்பார். முதல் நான்கு ஞாயிறும் நான் பேச மறுத்தேன். ஐந்தாவது ஞாயிறு அம்மா போனை என் காதில் வைத்து அழுத்தினார். சித்தப்பா பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். தலை ஆர் பின்னிவிடுகினம் என்று கேட்டார். கடைசியாக, "கடிதம் ஏதும் வந்ததோ பிள்ளை?" என்றார்.

என் கோபமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துபோனது. அவரும் அந்த அட்டைக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்!

"இன்னும் இல்லை சித்தப்பா. நீங்கள் யோசிக்காதேங்கோ. நான் இன்னொண்டு எழுதுறன். இந்த முறை உங்கட வெரிபீ அட்ரஸையும் போட்டு எழுதுறன்."

அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் சத்தமே வரவில்லை. சந்தோசத்தில் அவருக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்து, நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேனா எடுக்கப் போனேன்.