கண்ணாடி தெளியும் வரை

கண்ணாடிக் குமிழில் ஓடிய பழுப்பு நீர் இளமஞ்சளானதும் முருகேஸ்வரி பம்பை நிறுத்திவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பிடியை அழுத்தி, ஃபில்டர் என்று எழுதியிருந்த பக்கம் திருப்பினாள். பம்பை மறுபடி போட்டதும் குளத்தின் பக்கவாட்டுத் துளையிலிருந்து புகைபோல் ஏதோ கிளம்பி நீரில் பரவியது.

“அக்கா, இன்னைக்கும் கலங்கிட்டு” என்றாள் கரையில் நின்ற ஷீஜா. பிசியோதெரபிஸ்ட் அவள்தான். “கால எங்க வைக்காகன்னு தெரியாம எப்படி எறக்க? நாளைக்கும் தெளியலன்னா யஹ்யா காக்காவுக்கு நடை கெடையாது. அப்புறம் நான் பத்து நாள் லீவு.”

பக்கவாதம் வந்தவர்கள் இடுப்பளவு நீரில் நடந்து பழகும் குளம் அது. பழைய ஆபரேட்டர் மஸ்கட் போனபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த முருகேஸ்வரிக்கு ஒரே மத்தியானத்தில் வேலையைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் எதையும் மறக்கவில்லை. குளத்து நீரை வடிகட்டும் மணல் தொட்டியைக் கழுவ, கண்ணாடி தெளியும்வரை, மூன்று நிமிடமானாலும், நீரை எதிர்த்திசையில் ஓடவிட வேண்டும். பிறகு அரை நிமிடம் மணலை அலச வேண்டும். இல்லாவிட்டால் மணலில் தங்கிய அழுக்கு குளத்துக்கே திரும்பும். சாத்தான்குளத்துக்கு மேற்கே, அரிசி களைந்த நீரும் முருங்கைக்குப் போகும் வீட்டில் வளர்ந்தவள். கழுவிய நீர் வெளிக்குழாயிலிருந்து வாய்க்காலுக்குக் கொட்டுவதைப் பார்த்தால் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடுகிறது.

யஹ்யா சக்கர நாற்காலியில் இருந்தார். காயல்பட்டினத்துக்காரர், கப்பலில் சமையல்காரராக இருந்தவர். மூன்று மாதமாகக் கம்பியைப் பிடித்தபடி நீரில் நடக்கிறார். இன்று கம்பியை விடுவதாக இருந்தது.

“மெய்யச் சொல்லு முருகேஸ்வரி. பாதியில நிறுத்துதியா?”

“ஆமா காக்கா. கண்ணு முன்னால கொட்டுது. மனசு கேக்கல.”

“மீன் அலசுன தண்ணியிலயே கொழம்பு வைப்பியோ?”

“அதுக்குன்னு அம்பது கொடம் ஊத்தியா அலசுவாக?”

அவர் சிரித்தார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே போய், குழாய் வாய்க்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலியை நிறுத்தினார். துண்டைத் திரைபோல விரித்து இரு கையாலும் பிடித்துக்கொண்டார். இடது கை சற்றுத் தாழ்ந்திருந்தது.

“வாய்க்கால நான் பாத்துக்கிடுதேன். நீ கண்ணாடிய மட்டும் பாரு.”

“கால் நனையும் காக்கா.”

“நனையத்தான இங்கன வாரேன்.”

பம்பை நிறுத்தி, கைப்பிடியை எதிர்த்திசைக்குத் திருப்பி, மறுபடி போட்டாள். பழுப்பு வந்தது. மஞ்சள் வந்தது. கை சுவிட்சுக்குப் போயிற்று.

“கைய எடு” என்றார் திரும்பாமலே.

“ரொம்பப் போகுதா காக்கா?”

“சொல்ல மாட்டேன்.”

அவள் குமிழுக்குப் பின்னால் விரலை வைத்தாள். முதலில் விரல் தெரியவில்லை. பிறகு நிழலாகத் தெரிந்தது. பிறகு நகமும், நகத்தில் ஒட்டியிருந்த மருதாணியும் தெரிந்தன. அப்போதுதான் நிறுத்தினாள். கைப்பிடியை அலசலுக்குத் திருப்பி, பம்பைப் போட்டு, முப்பது எண்ணத் தொடங்கினாள். இருபதில் கை மறுபடி சுவிட்சுக்குப் போயிற்று. அவர் சேர்ந்து எண்ணினார்.

மறுநாள் பத்தரை மணிக்குக் குளத்தின் அடியில் நீல ஓடுகள் தெரிந்தன. ஷீஜா யஹ்யாவை இறக்கினாள். அவர் கம்பியை விட்டு நான்கு எட்டு வைத்தார். ஐந்தாவதில் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி ராஹிலா உலர்ந்த துண்டுடன் கரையில் நின்றாள். பதினொன்றரைக்குத் தண்ணீர் லாரி வந்தது. கழுவியதில் குளத்தில் குறைந்திருந்த அளவுக்கு நிரப்பினார்கள். லாரிக் குழாயின் இணைப்பில் ஒழுகியது. முருகேஸ்வரி அதன் அடியில் ஒரு வாளியை வைத்தாள்.