தண்ணீர் இல்லாத காவிரி

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுனியை ஒடித்துப் பார்த்தும் வெண்டைக்காய் முற்றலா பிஞ்சா என்று தீர்மானிக்கத் தெரியாத நான், காட்டூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தத்துவம் நடத்தக் கிளம்பினேன். தமிழாசிரியனான எனக்கு, கெஞ்சிக் கூத்தாடியதில் நீதிபோதனை பீரியடு கிடைத்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் பஸ்ஸில், பாலத்தின்மேல் தோன்றிய கேள்வியைத்தான் முதல் நாள் கேட்டேன்.

"தண்ணியே இல்லாதப்பவும் காவிரி ஆறுதானா?"

கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் எழுந்தாள்.

"அப்ப ஆறுங்கறது தண்ணியா சார், இல்ல அது போற வழியா?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

தலைமையாசிரியையிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்; அவர் அசையவில்லை. "டெஸ்ட் வைங்க சார். பிள்ளைங்க சொந்தமா யோசிச்சு எழுதினா பீரியடு உங்களுக்கு. இல்லன்னா கணக்கு டீச்சருக்கு."

அதே கேள்வியைத்தான் கேட்கப்போவதாகப் பிள்ளைகளிடம் சொன்னேன். பயப்படக் கூடாதே என்று, 'இதற்கு ஒரே விடை கிடையாது' எனப் பலகையில் எழுதியும் போட்டேன். என் மேதைமை அங்கேதான் வெளிப்பட்டது. மொத்த வகுப்பும் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து, அப்படியே எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டுத் தந்தது. கடைசி பெஞ்சுப் பெண்ணும் அதையேதான் எழுதியிருந்தாள்.

பீரியடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் யோசிக்கக் கற்றுத்தர முடியும் என்ற என் நம்பிக்கையும் கூடவே போயிற்று. வராந்தாவில் அவளை நிறுத்திக் கேட்டேன்.

"உனக்குன்னு ஒண்ணுமே தோணலையாம்மா?"

"தோணுச்சு சார், மார்க் போயிடும்னு எழுதல."