பேசாமல் இருக்க ஒரு பிளான்

ஓடிப்போகிறவள் எவளாவது கையில் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போவாளா? அதுவும் எலுமிச்சம்பழச் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல்! காலை வெயிலில், தலைவாசல் வழியாக, மாமியார் கட்டிக்கொடுத்த சோற்றோடு ஒருத்தி படியிறங்கிப் போனால் அதற்குப் பெயர் ஓட்டமா? எதிர்வீட்டுக் கன்னியம்மா சொன்னாள் என்று பால்காரர் சொன்னார். பால்காரர் சொன்னார் என்று ரேஷன் கடை வரிசையே சொன்னது. ‘சடையப்பன் மருமவ இளமதி, செல்போன் கடை பாயோட போயிட்டாளாம்.’ அந்த அசன் முகைதீன் பாய்க்கு அறுபது வயசு. முழங்கால் வலி. கடைக்கு இருக்கிற ஒற்றைப் படியை ஏறவே சுவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்மி சொல்லுவார். அவரோடு யார், எங்கே, எப்படி ஓடுவது?

நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

இளமதி புதுவாயலுக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமனார் சடையப்பனுக்குக் கொஞ்சம் நெல் நிலம். புருஷன் தணிகைவேலுக்குச் சேற்றில் இறங்கினால் காலில் அரிப்பு. அதனால் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. மாமியார் மணியம்மாள் பேச ஆள் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற மனுஷி. ஆனால் அந்த வீட்டில் யாரும் அவளோடு பேசுவதில்லை. மாமனாருக்கு மாட்டோடு பேச்சு, மகனுக்குத் தூக்கத்தோடு பேச்சு.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். தணிகைவேலுக்குச் செல்போன் ஆசை வந்தது. கூட வேலை செய்கிறவன் ஒரு சைனா செட் வைத்திருந்தான். ஊர்த் திருவிழா மைக் செட் தோற்றுப்போகும், அப்படி அலறும். ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாய் விளக்கு வேறு.

“பாட்டு கேக்கலாம், படம் புடிக்கலாம், ரெண்டு சிம்மு போடலாம்” என்றான்.

“சார்ஜு நிக்குமா?” என்றாள் இளமதி.

“அது… நாளிக்கு ரெண்டு தபா போடணும்.”

“நம்மூர்ல கரண்டே நாளிக்கு ரெண்டு தபாதான் வருது. அது வரும்போது நீ ஊட்ல இருக்க மாட்டே. போனுக்கு டார்ச்சு இருந்தா போதும். ராவுல மாட்டுக்குத் தண்ணி காட்டவாச்சும் ஆவும்.”

எந்தக் கம்பெனி சிம் வாங்குவது என்பதற்கும் அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. தெருவில் மூன்று வீட்டில் மூன்று கம்பெனி போன் இருந்தது. மூன்றையும் அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்கினாள். இரண்டைக் கையில் ஏந்தி, ஒன்றை இடுப்பில் செருகி, வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அடுப்பங்கரைக்குப் போனாள், மாட்டுக்கொட்டகைக்குப் போனாள், வைக்கோல்போர் மேல்கூட ஏறிப் பார்த்தாள்.

“இன்னாடி, பேயி ஓட்டறியா?” என்று எதிர்வீட்டிலிருந்து கன்னியம்மா கேட்டாள்.

“இல்லக்கா, டவரு தேடறேன். உங்க ஊட்டுப் பக்கம் திரும்பினா மூணும் செத்துப்போவுது” என்றாள் இவள். அன்றைக்கே கன்னியம்மாவுக்கு ஒரு முள் தைத்துவிட்டது.

வீட்டுக்குள் ஒன்றிலும் டவர் கோடு நிற்கவில்லை. கொல்லையில் அடிபம்புக்குப் பக்கத்தில், துணி காய்கிற கம்பத்தடியில் மட்டும் ஒரு கம்பெனிக்கு நாலு கோடும் நின்றது. அது போதும் என்று தணிகைவேலை அழைத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனாள்.

புதுவாயல் கூட்டு ரோட்டில் கண்ணாடிப் பெட்டி வைத்த சின்னக் கடை. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கல்லாவில் பாய், உள்ளே அவர் மனைவி சைதா. பொம்பளைகள் வாசலிலேயே தயங்கி நின்று, “அக்கா இல்லையா?” என்று சைதாவைத்தான் தேடுவார்கள். பாய் ரீசார்ஜ் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார். இதில் பேச்சு அதிகம், அதில் ராத்திரிப் பேச்சு மலிவு, இன்னொன்றில் ஒரே கம்பெனிக்குள் பேச்சு இலவசம்.

இளமதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதுல பேசாம இருக்கறதுக்கு எது பாய் சல்லீசு?” என்றாள்.

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “பேசறதுக்குத்தானம்மா பிளானு. பேசாம இருக்கறதுக்கு எவன் பிளான் போடுவான்?”

உள்ளேயிருந்து சைதா சிரித்துக்கொண்டே வந்தார். “அந்த லைஃப் டைம் சிம்மைக் குடுங்க. இன்கமிங் ஆயுசு பூரா வரும். எப்பவாச்சும் ஒரு டாப் அப் போட்டாப் போதும். இந்தப் புள்ள அதத்தான் கேக்குது.”

அந்தக் கடையில் ஒரு சுற்றுகிற நாற்காலி இருந்தது. பாய்க்கு அதில் உட்கார்ந்தால் முட்டி மடங்காது, சும்மாதான் கிடந்தது. இளமதி அதன் முதுகில் ஒரு விரல் வைத்துத் தள்ளினாள். சத்தமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி அவளைப் பார்த்து நின்றது. பன்னிரண்டாவது பாஸ் பண்ணிவிட்டு நாலு வருஷமாக அடுப்பையும் அடிபம்பையுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நாற்காலி மேல் மனசே விழுந்துவிட்டது. சைதாவும் அதைக் கவனித்துவிட்டார். “நீ வந்து இங்க உக்காரு புள்ள. பொம்பளைங்க கூச்சப்படாம உள்ள வருவாங்க” என்றார்.

வீட்டில் கேட்டாள். மணியம்மாள், “அறுப்பு முடியட்டும்” என்றாள். முடிந்தது. “பங்குனி போவட்டும்.” போனது. கடைசியில், “ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி பொறக்கட்டும், போ” என்று வாயால் சொல்லிவிட்டாள். தணிகைவேலும், “எங்கம்மா சரின்னா சரி” என்று தலையாட்டினான். இளமதி ஆவணிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இதற்குள் பாய் கடையில் வாங்கிய டார்ச் போன், மழைக்காகப் பிளாஸ்டிக் கவர் சுற்றி, மஞ்சள் பையில் போட்டு, துணிக்கம்பத்தில் தொங்கிக்கொண்டு தெருவுக்கே சேவகம் பண்ணியது. தணிகைவேல், கன்னியம்மாவின் புருஷன் பச்சையப்பன், கடைசி வீட்டு அரசப்பன் மூவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட். கம்பெனி வாசலில் ஒரு ரூபாய்ப் பெட்டி போன். காசு போட்டு, நம்பரைத் தட்டி, மணி அடித்ததும் வைத்துவிட்டால் காசு திரும்பி விழும். ஒரு மணி அடித்தால் வேலை முடிந்தது, வருகிறோம், உலை வை. இரண்டு அடித்தால் ஓவர் டைம். அடித்து அடித்து அதுவாக ஓய்ந்தால் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டோம், காத்திருக்காமல் சாப்பிடு. ஒரே நாணயம் மாசக்கணக்கில் மூன்று வீட்டுக்கும் உழைத்தது. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போச்சு.

ஆடி முடிகிற வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், தணிகைவேல் நம்பரைத் தட்டினான். காதில் மணி அடிக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு பெண் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுகிற சினிமாப் பாட்டு. ராங் நம்பர் என்று வைத்தான். மறுபடி தட்டினான். மறுபடி அதே கொஞ்சல். “குடுப்பா, நான் பாக்கறேன்” என்று பச்சையப்பன் வாங்கினார். வாங்கியவர் வைக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு தானாக நிற்கிறவரைக்கும் கேட்டார்.

இங்கே கொல்லையில் போன் ஒரு தடவை அடித்தது, இன்னொரு தடவை அடித்தது, அப்புறம் ஓயாமல் அடித்து ஓய்ந்தது. பஸ்ஸை விட்டுவிட்டார்கள் என்று மூன்று வீட்டுப் பொம்பளைகளும் சாப்பிட்டு, மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். ஆண்கள் வழக்கமான கம்பெனி பஸ்ஸிலேயே பசியோடு வந்து இறங்கினார்கள்.

“பாட்டா வெக்கற? யாருக்குடி அந்தப் பாட்டு?” தணிகைவேல் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எனக்கு வெக்கத் தெரிஞ்சிருந்தா மொதல்ல ஒனக்கு ஒண்ணு வெச்சிருப்பேனே” என்றாள் இளமதி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. “போனை வெச்சிக்கினே இவ்ளோ. போன் கடைக்கு வேற போறியா? கடையும் வேணாம், கிடையும் வேணாம். ஊட்லயே கெட.”

நாலு நாளில் ஆவணித் திங்கட்கிழமை. நாற்காலி கண்ணுக்குள் சுற்றிக்கொண்டே தூரமாகப் போனது. ஆனால் இளமதி அழவில்லை, யோசித்தாள். கூப்பிடுகிறவர் காதில் கேட்கிற காலர் டியூன் பாட்டு தானாக வந்து உட்காராது. யாரோ பட்டனை அமுக்கியிருக்க வேண்டும். மாமனாருக்குப் போனைக் கண்டால் பயம். தினமும் உச்சி வேளையில், டிவி சீரியலுக்கு முன்னால், கழுவிய குண்டானையே எடுத்துக்கொண்டு போய் மறுபடி அடிபம்பில் கழுவுகிறவர் யார்?

வெள்ளிக்கிழமை தணிகைவேல் கோபத்தில் வேலைக்குப் போகவில்லை. இளமதி உச்சி வேளைக்குச் சரியாக மோர் கரைத்து, அடிபம்படியிலேயே அவனுக்குப் பலகை போட்டாள். மாமனாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். கன்னியம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவளே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ராவெல்லாம் எங்க ஊட்டுக்காரரு அந்தக் கருமாந்தரப் பாட்டையே மொனகிக்கினு படுத்துக்கினு கெடந்தாரு. எம் புருசனுக்குப் பாட்டு போட்டுக் காட்டறியாடி?”

அப்போது கம்பத்துப் பையில் போன் அடித்தது. சட்டப்படி யாரும் அசையவில்லை. மணியம்மாள் மட்டும் இடதும் வலதும் பார்த்தாள். இரண்டாவது மணிக்கு அவளால் தாங்க முடியவில்லை. “பாவம், கூப்புடுது” என்று ஓடிப்போய் இரண்டு கையாலும் போனை ஏந்தினாள்.

“வணக்கம்மா கண்ணு… ம்… சாப்ட்டியா?… நேத்துகூட நீ சொன்னியேன்னு அமுக்கினேனே… இன்னிக்கி ரெண்டா? ரெண்டுல இன்னா பாட்டு?… அம்மன் பாட்டா! இரு இரு, வெச்சிடாத… இளமதி, ரெண்டு எங்கடி கீது?”

இளமதி நிதானமாக எழுந்து போய், “இதோ அத்த, இங்க” என்று விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள். மணியம்மாள் அமுக்கினாள்.

மாடு ஒரு தடவை கத்தியது. அதுவும் சடையப்பன் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டது.

“எம்மா, அது பொண்ணு இல்லம்மா. டேப்பு. கம்பெனிக்காரன் போட்டு வுடறான்” என்றான் தணிகைவேல்.

“டேப்பா இருந்தா இன்னாடா? ஒரு நாளாச்சும் நீ என்கிட்ட வணக்கம் சொல்லிக்கிறியா? ஒங்க நைனா சொல்லிக்கிறாரா? அது தெனம் சொல்லுது!”

“அப்போ எம் புருசனுக்குப் பாட்டு போட்டது நீயாக்கா?” கன்னியம்மாவுக்குக் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“ஆமாண்டி, நான்தான். என் ஊட்டு போனு, நான் பாட்டு வெப்பேன். வெச்சது நானு, கண்ண மூடிக்கினு ரசிச்சது ஒன் புருசன். போயி அவரக் கேளு.”

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அம்மன் விடவில்லை. அந்த ஒற்றை நாணயம் தணிகைவேல் பையிலேயே இருந்ததால் வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலில் நம்பரைத் தட்டினால் உடுக்கையும் பம்பையுமாய் அம்மன் பாட்டு. அம்மன் பாட்டைப் பாதியில் வெட்டுவது எப்படி, அதுவும் ஆடி மாசத்தில்? அரசப்பன் செருப்பைக் கழற்றினார். பச்சையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மூவரும் மாற்றி மாற்றி முழுசாகக் கேட்டுப் புண்ணியம் சேர்த்தார்கள். இங்கே போன் ஓயாமல் அடித்தது. மூன்று வீட்டிலும் மறுபடி சோற்றில் தண்ணீர்.

“பாட்டே வேணாம், எடுத்துடலாம்மா” என்று தணிகைவேல் பழைய சோற்றின் முன்னால் கெஞ்சினான்.

“அம்மன எடுக்கச் சொல்றியா?” மணியம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “அந்தப் பாவம் எனக்கு வேணாம். எடுக்கறதில்ல, மாத்தறது. வாய்ப்பாட்டு இல்லாம வெறும் நாதஸ்வரமா மாத்தணும், பாதியில வெச்சாலும் பாவம் இல்ல. அது எங்க நடக்கும்? கடையில. அவுங்களக் கேட்டா டப்பு கேப்பாங்க. நம்ம புள்ளயே கடையில ஒக்காந்துகினு இருந்தா கேப்பாங்களா? திங்கக்கெழம இளமதி போறா. மாசத்துக்கு ஒரு பாட்டு எனக்கு மாத்திக் குடுக்கறா. இன்னாடி?”

“சரிங்க அத்த” என்று இளமதி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு தெரியக் கூடாதே. தணிகைவேல் அம்மாவையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், தட்டையும் பார்த்தான். “சூடா சோறு கெடச்சா சரி” என்றான்.

ஆவணி பிறந்த முதல் திங்கட்கிழமை. இளமதி தலை பின்னி, மாமியார் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸை ஒயர்கூடையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இன்னும் உச்சிவேளை ஆகவில்லை. ஆனாலும் கொல்லையில் மணியம்மாள் குண்டானோடு கம்பத்தடியில் இப்போதே உட்கார்ந்திருந்தாள்.

எதிர்வீட்டு வாசலில் கன்னியம்மா, பெருக்கி முடித்த இடத்தையே மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“காலங்காத்தால கூடைய தூக்கிக்கினு எங்கடி கெளம்பிட்ட?”

சும்மா போயிருக்கலாம் இவள். வாய் சும்மா இருந்தால்தானே.

“இன்னிக்கி நல்ல நாளுக்கா. பாய் கடைக்கு ஓடிப்போறேன். சாயங்காலம் உலை வெக்கறதுக்குள்ள திரும்பி வந்துடுவேன்” என்றாள்.

கன்னியம்மா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பால்காரரைத் தேடினாள். இளமதி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.