ஒரே வாசலில் இரண்டு கார்கள்

இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் மலாக்காவில், செலண்டாரில் நடந்தது. நான் பக்கத்து ஊரான டுரியான் துங்காலில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள். தோட்டங்களில் இருக்கும் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்கு இலவசமாகக் காரில் அழைத்துப்போகும் நண்பர்களுக்கு ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தேன். பட்டனை அழுத்தினால், வரிசையில் முதலில் இருப்பவரின் பெயர் வரும். போய் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்று ஒரு பெரியவர் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. ஒன்றில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் மளிகைக்கடைக்காரர், இன்னொன்றில் தமிழ்ப்பள்ளி டீச்சர். யார் ஏற்றிப்போவது என்று இருவரும் சிரித்துக்கொண்டே மல்லுக்கு நின்றார்களாம். பெரியவர் சிரிக்கவில்லை.

"எனக்கு ரெண்டு காருன்னா, டயாலிசிஸ்ல எனக்குப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு யாரு போனா?"

டீச்சர் பதறி எனக்குப் போன் செய்தார். ஆப்பில் வரிசையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. "பேரே காணோம் டீச்சர்!" என்று கத்திவிட்டேன். "நீங்க பதறாதீங்க, நான் போறேன்" என்று டீச்சரே காரைத் திருப்பினார். கால் வீங்கிப்போய், ரப்பர் தோட்டத்து முனையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாராம். தொந்தரவு செய்ய வேண்டாமென்று யாரையும் கூப்பிடவில்லை. தாமதமாகப் போனாலும் தாதியர் மிஷின் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

என் சந்தேகம் இதுதான்: இருவர் ஒரே நொடியில் அழுத்தினால் இருவருக்கும் முதல் பெயரே போகும், ஆனால் வரிசையிலிருந்து இரண்டு பெயர்கள் நீங்கிவிடும். தனியாக எவ்வளவு முயன்றும் அந்தத் தப்பு கண்ணில் படவில்லை. கூச்சத்தை விட்டு, கார் ஓட்டும் நண்பர்களிடம் உதவி கேட்டேன். மதியமே எல்லோரும் நானா கடையில் கூடிவிட்டார்கள். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் கொடுத்துவிட்டு நானா, "ஒன்னு, ரெண்டு, மூணு!" என்பார்; எல்லோரும் அழுத்துவோம். திரும்பத் திரும்ப அழுத்தியதில், ஒரு தடவை இரண்டு போனில் ஒரே பெயர்!

"மாட்டிக்கிச்சு லா!" என்று கடையே அதிர்ந்தது. எனக்கோ அழுகை வந்துவிட்டது.

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தே சரிசெய்தேன். ஒருவர் பெயரை எடுத்து, அது வரிசையிலிருந்து நீங்கும்வரை அடுத்தவர் உள்ளே வரமுடியாதபடி ஒரு பூட்டு. மறுபடி விரல் வலிக்க அழுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு போனிலும் வேறு வேறு பெயர்.

மறுநாள் அந்த அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை பேரு கூடி உக்காந்தீங்களாமே, எனக்காகவாம்மா?" என்றார்.

எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளுக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு, யாருக்காக எழுதுகிறோம் என்று முகம் தெரிந்து எழுதுவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பதை அந்தக் கேள்விதான் இன்றுவரை உணர்த்திக்கொண்டிருக்கிறது.