ஹனசபுரோவின் தலை

அசகுசா நாடகத் தெருவில் படக்கடை வைத்திருக்கும் ஒகினுவுக்கு ஒரு பழக்கம். நடிகர் படத்தை வாசலில் தொங்கவிட்டதும் அதற்கு லேசாகக் குனிந்து வணங்குவாள்.

"அக்கா, அது திரும்பக் குனியுமா?" என்று தெருவில் போகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவள் பதில் சொல்லமாட்டாள். பேச்சே குறைவு.

அப்படிப்பட்டவள்தான் அன்று பொதுக் குளியல் கூடத்திலிருந்து ஓடிவந்து புருஷன் தொகுசுகேவிடம், "ஏங்க, ஹனசபுரோ ஒசாகாவுல செத்துட்டாராம்" என்றாள்.

நடிகர் இறந்தால் வெளிர்நீல உடையில் இரங்கல் படம் போடுவார்கள். முந்திக்கொள்ளும் கடைக்குத்தான் விற்பனை. அதனால் தொகுசுகே புது அச்சுப் பலகை செதுக்கவில்லை. போன வருஷம் இறந்த நடிகர் கன்பெயின் பலகையில் தலையை மட்டும் பெயர்த்தெடுத்து, அந்தக் குழியில் ஹனசபுரோவின் தலையைச் செதுக்கிப் பொருத்தினான். அச்சடித்து வாசலுக்கு வந்த அன்றே பாதிப் படங்கள் போய்விட்டன.

ஒகினு இன்னொன்றைத் தொங்கவிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தபோது படத்துக்குப் பக்கத்தில் அதே மூக்கு, அதே தாடை. பேயோ என்று முதலில் காலைத்தான் பார்த்தாள். கால் இருந்தது, வைக்கோல் செருப்பில் வழிப்புழுதி.

"தலை என்னுது," என்றார் ஹனசபுரோ, படத்தைப் பார்த்தபடி. "இந்தத் தொப்பை யாருது? கன்பெயோடதா?"

தொகுசுகே தரையில் நெற்றி பதித்தான். பதிப்பாளர் சங்கத்துக்கு ஒரு வார்த்தை போனால் கடைக்குப் பூட்டுதான்.

"ஐயா, கடையை மட்டும்..."

"முதல்ல என் தலையை எடுத்துக் குடுய்யா."

தொகுசுகே உளியை எடுத்தான். பெயர்ந்து வந்த மரத்துண்டை நடிகர் இடைக்கச்சையில் செருகிக்கொண்டார்.

"நான் செத்த சேதிய யாரு கொண்டாந்தது?"

தொகுசுகே மரச்சீவல்களைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"நான்தாங்க," என்றாள் ஒகினு.

"அப்போ படம் வாங்கினவங்க வீட்டுக்கெல்லாம் போய், நான் உசுரோட இருக்கேன்னு உன் வாயாலயே சொல்லிட்டு வாம்மா. ஒரு வீடு விடாம சொன்னா, நான் சங்கத்துப் பக்கம் போகல."

போனாள். ஒவ்வொரு வாசலிலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியாக அரிசிக்கடைக்காரர் மனைவி ஒமாசா வீடு. படத்துக்கு முன் ஊதுபத்தி புகைந்தது. அழுது அழுது ஒமாசாவின் முகம் வீங்கியிருந்தது.

"அவரு... உசுரோட இருக்காருங்க."

ஒமாசா வாய் பிளந்தாள். பிறகு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நான் அழுதது அழுததுதான். இதைத் திருப்பித் தரமாட்டேன், போடி!"

ஹனசபுரோ இன்றும் மேடை ஏறுகிறார். கடையும் திறந்திருக்கிறது. கழுத்துக்கு மேலே ஓட்டையோடு அந்தப் பலகை சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதில் வேறு தலை பொருத்தத் தொகுசுகேவுக்குத் துணிவில்லை. ஒகினு குனிவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறாள்.